மலையைத் தோண்டாதே! குப்பையில் கிடக்கும் உலோகத்தை எடு!

(கொடுங்கையூர் கூட்டத்தில், மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்து விவசாயிகள் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. மேலூர் பக்கம் இரண்டே முக்கால் ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் ஒரு போகம் நெல். வராவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விவசாயி. அந்தக் காலத்து பி.யூ.சி. படிப்பு. அதனால்தான் சங்கத்தில் மனு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்து, செயலாளர் ஆகிவிட்டேன்.

மதுரைக்காரனுக்கு கொடுங்கையூரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். என் மூத்த மகளை இங்கேதான், எழில் நகர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்தக் குப்பை மேட்டுப் புகையை நானும் குடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போகிறேன். 2025 மே மாதம் குப்பை எரிஉலை வேண்டாம் என்று நீங்கள் கைகோர்த்து நின்றீர்களே, அந்தச் செய்தியை எங்கள் ஊர் மந்தையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்தோம். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் தெருவில் நின்றோம்.

நாங்கள் நின்றது எங்கள் மலைக்காக. நீங்கள் நின்றது உங்கள் மூச்சுக்காக. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் நடந்தது என்ன?

எங்கள் ஊரில் கண்மாய் மீனை ஏலம் விட்டாலே முதல் நாள் தண்டோரா போடுவார்கள். ஊர்ப் புளியமரத்தை ஏலம் விட்டாலும் மந்தையில் எல்லோரையும் கூட்டி வைத்துத்தான் விடுவார்கள். ஆனால் 2024 நவம்பர் 7-ம் தேதி, எங்கள் வீடு, வயல், கோவில், கண்மாய், மலை அத்தனையும் சேர்த்து 2,015 ஹெக்டேர், நம்ம கணக்கில் சுமார் 5,000 ஏக்கர், ஏலம் போய்விட்டது. எங்களுக்கு யார் தண்டோரா போட்டது? பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்!

நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அரிட்டாபட்டி, வல்லாளபட்டி, நாயக்கர்பட்டி எல்லாம் அதற்குள்ளே அடக்கம். ஏலத்தில் எடுத்தது வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் சிங்க் கம்பெனி. தூத்துக்குடியில் தாமிர ஆலை நடத்திய அதே குழுமம். அந்த ஆலையை மூடச் சொல்லிப் போராடிய மக்கள்மீது 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனதை நாம் யாரும் மறக்கவில்லை.

அரிட்டாபட்டி எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று மாநில அரசே அறிவித்த ஊர். ஏழு குன்று, 72 ஏரி, 200 சுனை என்று அரசாங்கமே கணக்கு எழுதி வைத்திருக்கிறது. தமிழி எழுத்து வெட்டிய குகை இருக்கிறது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோவில் இருக்கிறது. 2022-ல் பாதுகாக்க வேண்டிய தலம். 2024-ல் ஏலச் சரக்கு. இடையில் இரண்டே வருஷம்!

இது எப்படி நடந்தது? 2023 ஆகஸ்டில் கனிமவளச் சட்டத்தைத் திருத்தினார்கள். 24 வகைக் கனிமங்களை முக்கியக் கனிமம் என்று ஒரு பட்டியலில் போட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசே எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டன் இருக்கிறது, லித்தியம் இருக்கிறது, கோபால்ட் இருக்கிறது. டெல்லியில் ஒரு அறையில் கம்ப்யூட்டரைத் தட்டினால் மேலூரில் மலை கைமாறிவிடும். அவ்வளவுதான்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம். மேலூரில் கடையடைப்பு. டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் தீர்மானம். டிசம்பர் கடைசியில், பல்லுயிர்த் தலம் இருக்கும் 193 ஹெக்டேரை மட்டும் ஒதுக்கிவிட முடியுமா என்று மறுபடி பார்க்கச் சொன்னது மத்திய அரசு. அந்த மலையில் பெய்கிற மழைதான் சுற்று வட்டாரக் கண்மாய்க்கு வரத்து. கண்மாயை நம்பித்தான் வயல். அதில் மலையை மட்டும் தனியாக அறுத்து ஒதுக்க இது என்ன கேக்கா? வேண்டாம் என்றோம்.

2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியில் கிளம்பி மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரைக்கும் ஜனங்கள் போனார்கள். இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்கள், கம்பு ஊன்றி வந்த கிழவர்கள், எல்லாச் சாதியும், எல்லாக் கட்சியும். ஆயிரக்கணக்கான பேர்மீது வழக்குப் போட்டார்கள். ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது. வழக்குகளும் வாபஸ் ஆயின. நான் எந்தக் கட்சிக்கும் பல்லக்குத் தூக்க வரவில்லை. ஜனங்கள் கூடினால் ஏலம் ரத்தாகும் என்பதை என் கண்ணால் பார்த்தேன், அதைச் சொல்கிறேன்.

டங்ஸ்டன் எதற்கு? நாமும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்

ஒரு உண்மையை மறைக்காமல் பேச வேண்டும் தோழர்களே. போராட்ட நேரத்தில் ஒரு காலேஜ் தம்பி என்னிடம் கேட்டான். "பெரியப்பா, டங்ஸ்டன் வேண்டாம்னு கோஷம் போடுறீங்க, உங்க கையில இருக்கிற செல்போன்ல டங்ஸ்டன் இருக்கே?" என்றான். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

குண்டு பல்புக்குள் சிவக்கச் சிவக்க எரியும் இழை இருக்குமே, அது டங்ஸ்டன். 3,400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால்தான் உருகும். உலோகங்களில் இதற்கு மேல் சூடு தாங்குவது எதுவும் கிடையாது. தங்கத்தின் கனம் இருக்கும். செல்போன் சட்டைப் பையில் அதிர்கிறதே, பல போன்களில் அந்த அதிர்வைக் கொடுக்கிற குட்டி எடைக்கல் டங்ஸ்டன்தான். பீரங்கிக் குண்டு முனைக்கும் அதுதான். திருச்செங்கோட்டு லாரி வந்து நம்ம தோட்டத்தில் போர் போடுகிறதே, பாறையைத் துளைக்கும் அந்த பிட்டின் பல்லில் இருப்பதும் டங்ஸ்டன் கார்பைடுதான். ஆக, என் கிணற்றுத் தண்ணீரிலும் டங்ஸ்டனுக்குப் பங்கு இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஒரு செல்போனுக்குள் எத்தனை உலோகம்! தாமிரம், தங்கம், வெள்ளி, வெள்ளீயம், லித்தியம், கோபால்ட், ஸ்பீக்கர் காந்தத்தில் நியோடிமியம். காற்றாலை, சோலார், எல்லாவற்றுக்கும் உலோகம். சாதாரணக் காருக்குத் தேவைப்படுவதைப் போல சுமார் ஆறு மடங்கு கனிமம் மின்சாரக் காருக்குத் தேவை என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-ல் கணக்குச் சொன்னது. ஐபோன் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டுகிறார்கள், மின்சார ஸ்கூட்டர் கிருஷ்ணகிரியில் செய்கிறார்கள். ஆனால் உள்ளே போகிற உலோகத்தில் பல வெளிநாட்டுச் சரக்கு. உலக டங்ஸ்டனில் சுமார் 80 சதவீதம் சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. ஏப்ரலில் காந்தம் செய்கிற அரிய மண் உலோகங்களுக்கும் போட்டது. உடனே டெல்லியில் பதற்றம். அந்தப் பதற்றம் நம்ம வரப்பில் வந்து நிற்கிறது.

பெட்ரோமாக்ஸ் காலத்துக் கதை

இது புதுக்கதையும் இல்லை. 1909-ல் ஒரு ஜெர்மன் ரசாயனக்காரர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். ஆராய்ந்தால் மோனசைட். அதில் தோரியம். அன்றைக்கு உலகத்துக்கே தோரியம் தேவைப்பட்டது. எதற்கு? நம்ம கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கு ஏற்றுவோமே, அதைப் போல எரிகிற விளக்குகளின் மேன்டிலுக்கு! ஐரோப்பாவில் வீதி விளக்கு எரிய, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் அள்ளினார்கள். மின்சார விளக்கு வந்தது, மேன்டில் போனது. மணல் அள்ளுவது மட்டும் போகவில்லை. இப்போது அதே மணலில் இருக்கிற அரிய மண் உலோகத்துக்கு வேறு கிராக்கி. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கத் திட்டம் போட்டு, 2024 அக்டோபரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப் பார்த்தார்கள். மீனவ ஜனங்கள் எதிர்த்தார்கள், கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள்.

உங்களுக்கும் இது தெரிந்த கதைதான். பெல்லாரிப் பக்கம் வெட்டிய இரும்புத் தாது சென்னைத் துறைமுகம் வழியாகத்தான் கப்பல் ஏறியது. இராயபுரத்தில் மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டி சிவப்பாகும். பக்கத்திலேயே நிலக்கரித் தூசியும் சேரும். 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சென்னைத் துறைமுகத்தில் அது இரண்டும் நின்றது. நின்றதா, இடம் மாறியதா என்று எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள்.

கொடுங்கையூரில் நான் பார்த்தது

நேற்று சாயங்காலம் மாப்பிள்ளையோடு மேட்டுப் பக்கம் போனேன். 343 ஏக்கர். நாற்பது வருஷத்துக் குப்பை. பழைய குப்பை மட்டும் 66 லட்சம் டன்னுக்கு மேல் இருந்தது என்பது மாநகராட்சிக் கணக்கு. அதைக் கிளறிப் பிரிக்கிற வேலைக்கு பயோமைனிங் என்று பெயராம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வரவிடாமல் தடுத்தது மைனிங். இங்கே வேண்டியதும் மைனிங்தானே!

ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். கயிற்றில் காந்தத்தைக் கட்டிக் குப்பையில் இழுத்துக்கொண்டு போகிறார். ஆணி, மூடி, கம்பி ஒட்டிக்கொண்டு வருகிறது. சாக்கில் பழைய சார்ஜர், அறுந்த இயர்போன், எல்.இ.டி. பல்பு, ரிமோட், பேட்டரி. "முழு டிவி, முழு கம்ப்யூட்டர்லாம் இங்க வராதுண்ணே. காயலான் கடையிலயே பிரிச்சிருவாங்க. எங்களுக்கு வர்றது மிச்சம்தான்" என்றார். எங்கள் பக்கம் பழைய இரும்புக் கடை என்போம், நீங்கள் காயலான் கடை என்கிறீர்கள். போன வருஷம் என் பழைய போனை அப்படி ஒரு கடையில் போட்டேன். முப்பது ரூபாய் கொடுத்தான். அதற்குள் தங்கம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கொஞ்ச தூரத்தில் ஒரு பையன் ஒயரைக் கொளுத்திக்கொண்டிருந்தான். மேலே இருக்கிற பிளாஸ்டிக் எரிந்தால் தாமிரக் கம்பி கிடைக்கும். அந்தப் புகையில் டையாக்சின் இருக்கிறது, ஈயம் இருக்கிறது. 2006-லிருந்து 2011 வரைக்கும் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கு மேல் இலவசக் கலர் டிவி கொடுத்தார்களே, அந்த ஒவ்வொரு பெட்டியின் கண்ணாடிக் குழாயிலும் அரைக் கிலோ, ஒரு கிலோ ஈயம் இருக்கும். அதெல்லாம் இப்போது எங்கே? யார் உடைத்தார்கள்? எந்த மண்ணில் போய்ச் சேர்ந்தது? கேட்க ஆள் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2022-ல் உலகம் தூக்கிப்போட்ட மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாக மறுசுழற்சி ஆனது 22 சதவீதம்தான். டோக்கியோ ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய செல்போன் 62 லட்சமும், மற்ற சின்னச் சாமான் 78,000 டன்னுக்கு மேலும் ஜனங்களிடம் வாங்கினார்கள். அதிலிருந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் எடுத்துச் சுமார் 5,000 பதக்கம் செய்தார்கள். எந்த மலையையும் தோண்டவில்லை.

டங்ஸ்டனும் அப்படித்தான். உலகத்தில் புழங்குகிற டங்ஸ்டனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பழைய டிரில் பிட், பழைய வெட்டு உளி இவற்றிலிருந்து திரும்ப எடுப்பது. ஆனால் மலையை வெட்டினால்? பாறையில் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட டங்ஸ்டன் தேறாது. மீதி 99 பங்கும் பொடியாகிச் சேறாகி யார் தலையில் கொட்டும்? கண்மாயில்தான் கொட்டும்.

"அப்போ நாட்டுக்கு உலோகம் வேண்டாமா?"

இந்தக் கேள்வியை எங்களிடம் அதிகாரிகள் கேட்டார்கள், டிவியில் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குப் பயமில்லை.

வேண்டும். பழசை மட்டும் வைத்து எல்லாத் தேவையும் தீர்ந்துவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். எங்கேயோ தோண்டத்தான் வேண்டியிருக்கும். நான் கேட்பது வரிசையைப் பற்றி. விதைநெல்லைச் சமைக்கிற வீட்டில் முதலில் என்ன கேட்பீர்கள்? குதிரில் வேற நெல் இருக்கா பார்த்தியா என்று கேட்பீர்கள். அதைத்தான் நான் கேட்கிறேன். மண்ணுக்கு மேலே ஏற்கனவே வெட்டி, உருக்கி, செய்து, தூக்கிப் போட்ட உலோகம் இருக்கிறதே, அதை எடுத்துவிட்டீர்களா?

சட்டம் இல்லாமல் இல்லை. பொருளை விற்ற கம்பெனியே பழசைத் திரும்ப எடுக்கும் பொறுப்பு 2012-லிருந்து விதியில் இருக்கிறது. புது விதி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆனால் என் ஊரில் எந்தக் கம்பெனி ஆள் வந்து பழைய போனைக் கேட்டான்? 2025-ல் முக்கியக் கனிமங்களுக்கென்று தேசிய இயக்கம் தொடங்கினார்கள். மொத்தத்தில் 34,300 கோடி ரூபாய்த் திட்டம். அதில் மறுசுழற்சிக்கு ஊக்கத்தொகை 1,500 கோடி. 100 ரூபாயில் ஐந்து ரூபாய்கூட இல்லை! அந்த ஊக்கத்தொகையும் ஆலை வைக்கிற கம்பெனிக்குத்தான். காந்தம் இழுக்கிற அந்த அம்மாவுக்கு ஒரு கையுறை உண்டா, ஒரு முகமூடி உண்டா?

எரிஉலை என்ன செய்யும்? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொளுத்தும். கலந்துவந்த உலோகத்தில் பெரும்பகுதி சாம்பலோடு சாம்பலாகும், கொஞ்சம் புகையோடு போகும். அதைச் சுவாசிப்பது என் பேரப்பிள்ளை. பிறகு, உலோகம் போதவில்லை, மேலூர் மலையைக் கொடு என்று அங்கே வந்து நிற்பார்கள். இங்கே எரிக்கிறதை அங்கே தோண்டுவதா? இதற்குப் பெயர் வளர்ச்சியா?

இப்போது வந்திருக்கும் ஆபத்து

ஏலம் ரத்தாகிவிட்டது, இனி நிம்மதி என்று எங்கள் ஊரிலேயே சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2025 செப்டம்பர் 8-ம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமம், முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லையாம். நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டியிருக்கிறார்கள்.

கருத்துக்கேட்பு ஒன்றும் பெரிய அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பந்தல் போடுவார்கள், கம்பெனி ஆள் படம் காட்டுவான், நாம் மூன்று நிமிஷம் பேசுவோம், யாரோ எழுதிக்கொள்வார். ஆனாலும் ஊர்க்காரன் மைக்கைப் பிடித்து "என் கிணறு வத்திப்போகும்" என்று சொல்ல அது ஒன்றுதான் சட்டப்படி இருந்த இடம். கிள்ளியூர் மீனவர்களுக்குப் பிடிமானமாக இருந்ததும் அதுதான். அதையும் பிடுங்கினால் அடுத்த ஏலத்தைப் பேப்பரில்கூடப் பார்க்க மாட்டோம், பொக்லைன் வந்து நிற்கும்போதுதான் பார்ப்போம். சோறு போடுகிறவனிடம் கேட்காமல் செய்வதை நாட்டுப் பாதுகாப்பு என்று சொன்னால், நாங்கள் எந்த நாட்டு ஜனங்கள்?

நமது கோரிக்கைகள்

1. முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து கொடுத்த விலக்கை உடனே திரும்பப் பெற வேண்டும்.

2. எந்தக் கனிமத் தொகுதியையும் ஏலத்துக்குக் கொண்டுவரும் முன், அந்தக் கிராம சபைகளின் ஒப்புதலை வாங்க வேண்டும். ஏலத்துக்குப் பிறகு அல்ல.

3. காவிரி டெல்டாவுக்கு 2020-ல் சட்டம் வந்ததைப் போல, மேலூர் பெரியாறு பாசனப் பகுதியையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்க வேண்டும்.

4. கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம். குப்பையை வீட்டு வாசலிலேயே பிரித்து, மின்னணுக் குப்பையைத் தனியாகச் சேகரிக்க வேண்டும்.

5. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்கள், காயலான் கடைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை, பாதுகாப்புக் கருவி, மருத்துவ வசதி, முறையான மறுசுழற்சி ஆலைகளில் முதல் உரிமையாக வேலை தர வேண்டும்.

6. போனும் டிவியும் விற்கிற கம்பெனிகள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒவ்வொரு வார்டிலும் பழசைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கும் மையம் வைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்களிடம் ஏலம் ரத்து செய்த உத்தரவு இருக்கிறது. உங்களிடம் இன்னும் புகைதான் இருக்கிறது. மேலூருக்காக இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் குரல் கொடுத்தவர்கள் உண்டு. அதை நாங்கள் கடனாக நினைக்கிறோம். அடுத்த முறை கொடுங்கையூரில் நீங்கள் கைகோர்க்கும் தேதியைச் சொல்லுங்கள். நாற்று நடவு நேரமாக இருந்தாலும் சரி, இரண்டு வேன் நிறைய ஆள் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு. பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அந்த வரிசையில் நிற்பேன்.

மலையைத் தோண்டாதே! குப்பையைக் கொளுத்தாதே!

கேட்காமல் விடும் ஏலத்தை ஏற்க மாட்டோம்!

விவசாயிகள், தொழிலாளர்கள் ஒற்றுமை ஓங்குக!